நான் தேய்த்து எடுத்த கறுப்பு

மகனே,

நீ போனை எடுக்கமாட்டாய். சரி, எடுக்க வேண்டாம். நேற்று மத்தியானத்திலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே அலுத்துவிட்டது. எதிர்வீட்டுப் பெண் வந்து, “எக்கா, போனு கொதிக்கிது, செத்த கீழ வைங்க” என்று கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டாள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். கல்லூரியில் இருபத்தைந்து வருசம் ஸ்டாக் ரெஜிஸ்டர் எழுதிப் பழகிய கை இது. எழுத உட்கார்ந்தால் அச்சடித்த தமிழ்தான் வருகிறது, சிரிக்காதே. எழுதி முடித்ததும் அவளே பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் வாட்ஸப்பில் போடுவாள். நீ திறந்து பார்த்தால் நீலக்கோடு விழும். பதில் எழுதாவிட்டாலும் போகிறது, முழுக்கப் படித்துவிடு. நாளை புதன்கிழமை பதினோரு மணிக்கு உங்கள் கம்பெனியில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்கள். அதற்குள் இது உன் கண்ணில் பட்டாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை நான் ஒழுங்காகத்தான் புரிந்துகொண்டேனா என்று முதலில் எழுதிப் பார்க்கிறேன். பேட்டரிக்குள் ஊற்றுகிற எலக்ட்ரோலைட்டைக் கலப்பது உங்கள் பிரிவின் வேலை. இரண்டு கரைப்பான்கள். ஒன்று கட்டியானது, லேசாகச் சூடு காட்டினால்தான் உருகும். இன்னொன்று தண்ணீர் மாதிரி ஓடும். சொன்ன விகிதத்தில் இரண்டையும் கலந்து, லித்தியம் உப்பைக் கரைத்து, அதில் கரண்ட் எவ்வளவு போகிறது என்று அளந்து பார்த்த பிறகுதான் அடுத்த இடத்துக்கு அனுப்ப வேண்டும். உன் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள், கம்பம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நீ அவசர அவசரமாகக் கலந்தாய். விகிதத்தை மாற்றிப் போட்டுவிட்டாய். கட்டியானது கூடிப்போய், ஓடுவது குறைந்துபோயிற்று. ‘கலந்தவர்’ என்ற கட்டத்தில் அந்தப் பயிற்சிப் பெண்ணைக் கையெழுத்து போடச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாய். அவள் அளந்தாள். குறைவாக வந்தது. மறுபடி அளந்தாள், மறுபடியும் குறைவு. மூன்றாவது தடவையும் அதே எண் வந்ததும், வந்ததை வந்தபடியே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இப்போது அத்தனை டிரம்மும் வீண். கலந்தது யார் என்று ரெஜிஸ்டரைத் திறந்தால் அவள் கையெழுத்து. “சார்தான் கலந்தாரு” என்று அவள் சொல்கிறாள். “எனக்கு ஞாபகமில்ல” என்று நீ சொல்லிவிட்டாய்.

“நான் வாயத் தொறக்கலேன்னா அதுபாட்டுக்கு முடிஞ்சிரும்மா” என்று நீ சொன்னபோது உன் குரலில் ஒரு கேள்வி இருந்தது. என்னிடம் நீ கேட்டாய். அதற்கு உன்னைப் பெற்றவள் என்ன சொன்னேன்? “ஆமாய்யா, நீ வாயத் தொறக்காத. தையில கல்யாணத்த வச்சுக்கிட்டு என்னத்துக்கு வம்பு? அந்தப் புள்ளைக்கு இங்கன இல்லாட்டி அங்கன ஒரு வேல கெடைக்காமயா போயிரும்” என்றேன். ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. யாரோ என் வாய்க்குள் உட்கார்ந்து தயாராக வைத்திருந்ததைப் போல வந்துவிட்டது. நீ “சரிம்மா” என்று போனை வைத்தாய். நான் சோற்றைப் போட்டு உட்கார்ந்தேன். அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். நேற்று மறுபடி உன்னைக் கூப்பிட்டு, “வேணாம்பா, உண்மையச் சொல்லிரு” என்றதற்கு நீ எரிந்து விழுந்தாய். “நேத்து ஒண்ணு பேசுற, இன்னைக்கி ஒண்ணு பேசுற. லேப்ல டெஸ்ட்டியூப் கழுவுனவதானம்மா நீ, ஒனக்கு என்ன தெரியும் இதப்பத்தி?” என்று கேட்டு வைத்தாய். அதோடு சரி, போனை எடுக்கவில்லை.

கழுவினவள்தான். நீ சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. கழுவியதில்தான் எல்லா வினையும் வந்தது. இருபத்து மூன்று வருசமாக யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். கேட்டு முடித்த பிறகு என்னைத் திட்டு, பேசாமல் இரு, கல்யாணத்துக்குக்கூட என்னைக் கூப்பிடாதே. ஆனால் நாளை பதினோரு மணிக்குள் கேட்டு முடித்துவிடு.

உன் அப்பா அந்தக் கல்லூரியில் வேதியியல் லேப் அட்டெண்டராக இருந்ததும், அவர் போன பிறகு கருணை அடிப்படையில் அந்த வேலையை எனக்குப் போட்டதும் உனக்குத் தெரியும். அப்போது வேலை நிரந்தரமாகவில்லை என்பது உனக்குத் தெரியாது. நீ எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தாய். லேபில் எந்தக் கண்ணாடியைத் தொட்டாலும், உடைந்தால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்களோ என்று இரண்டு கையாலும் பிடிப்பேன். அந்த நாளில் அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள் எஸ்தர். போடியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். தினமும் காலை ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஜீப்புகள் கிளம்புகிற நேரத்திலேயே பஸ் ஏறி வந்துவிடுவாள். நான் கதவைத் திறக்கும்போது வாசலில் நிற்பாள். “வாங்கக்கா” என்று அவள்தான் என்னை வரவேற்பாள், ஏதோ அவள் வீட்டுக்கு நான் விருந்தாளியாக வந்த மாதிரி. என்னை அக்கா என்று அந்தக் கல்லூரியில் கூப்பிட்ட ஒரே ஆள் அவள்தான். மற்றவர்களுக்கெல்லாம் நான் “ஏம்மா”.

அவள் வேலையும் உன் வேலை மாதிரிதான். தண்ணீரில் டையாக்சேன் என்ற திரவத்தைப் பத்துப் பத்து சதவீதமாகக் கூட்டிக் கலப்பாள். ஒவ்வொரு கலவையிலும் உப்பைக் கரைத்து, கரண்ட் எவ்வளவு போகிறது என்று அளப்பாள். அதற்கு வேண்டிய தண்ணீரை வடிப்பது நான். சாதாரண வடிநீர் ஆகாது, இரண்டு தடவை வடிக்க வேண்டும், தண்ணீரே கரண்டைக் கடத்தினால் உப்பின் கணக்கு எப்படித் தெரியும் என்பாள். ஒரு நாள் நான் வடித்த தண்ணீரில் அளந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் குனிந்து வாயால் மெல்ல ஊதச் சொன்னாள். ஊதினேன். மீட்டரில் எண் ஏறிவிட்டது. “பாத்தீங்களா, நம்ம மூச்சக்கூடக் கண்டுபிடிச்சிரும்” என்று சிரித்தாள். டையாக்சேன் கூடக் கூட எண் ஏன் இறங்குகிறது என்று கேட்டேன். எனக்குப் புரிய வைக்க வேண்டும் என்று அவளுக்கு என்ன அவசியம்? ஆனாலும் உட்கார வைத்துச் சொன்னாள். “தண்ணியில உப்ப போட்டா ரெண்டா பிரிஞ்சு ஆளுக்கொரு பக்கம் ஓடும்க்கா. அந்த ஓட்டந்தான் கரண்டு. இதக் கலக்கக் கலக்க, ரெண்டும் ஒண்ணையொண்ணு விடமாட்டேங்குதுக. ஜோடி சேந்து நின்னுக்கிருதுக. ஜோடி சேந்தது எதையும் கொண்டுபோய்ச் சேக்காது.” பத்தாவது படித்த எனக்கு அது புரிந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னிடம்கூடச் சொன்னேன். நீ என்னத்தைக் கண்டாய், ஐந்து வயது.

அந்த வருசம் ஆயுத பூஜை வந்தது. லேபில் எல்லாவற்றையும் துடைத்து, தராசுக்கும் பர்னருக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரிகடலை படைப்பது வழக்கம். லீவுக்குப் போகும் முன் எஸ்தர் சிரித்துக்கொண்டே, “எக்கா, எல்லாத்துக்கும் பொட்டு வைங்க, என் செல்லுக்கு மட்டும் வச்சிராதீங்க. தட்டுல சந்தனம் பட்டா என் பொழப்பு போச்சு” என்றாள். செல் என்றால் போன் இல்லை, உனக்குத் தெரியும். கண்ணாடிக் குழாய், அதன் அடியில் எதிரும் புதிருமாக இரண்டு சின்னப் பிளாட்டினத் தட்டுகள், கரைசலில் முக்கி அளப்பது. சத்தியமாக நான் அதற்குப் பொட்டு வைக்கவில்லை. ஆனால் அந்தத் தட்டு இரண்டும் அடுப்புக்கரி பூசிய மாதிரிக் கறுத்துக் கிடந்தன. விலை உயர்ந்த சாமான் என்கிறார்கள், இப்படியா போட்டு வைப்பது, பாவம் அந்தப் பிள்ளைக்குப் படிக்கவே நேரம் போதவில்லை, நாம்தான் செய்து கொடுப்போமே என்று தோன்றியது. புளியை ஊறவைத்து, பாத்திரம் தேய்க்கும் பொடியும் சேர்த்து, பழைய பல் பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்த்தேன். அரை மணி நேரம். வெள்ளிக் கொலுசு மாதிரிப் பளபளத்தது. எஸ்தர் வந்து பார்த்து என்ன சொல்வாள் என்று லீவு முழுக்க ஆசையாகக் காத்திருந்தேன்.

காலேஜ் திறந்த அன்று காலை. எஸ்தர் இன்னும் வரவில்லை. பக்கத்து அறையில் அவளுக்கு வழிகாட்டியாக இருந்த சார் முதுகலைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் டிரேயை எடுத்துக்கொண்டு கதவோரம் போகிறேன், காதில் விழுகிறது. “எலக்ட்ரோடு கறுப்பா இருக்கேன்னு யாரும் தொடச்சிராதீக. அது அழுக்கு இல்ல. வேணும்னே பூசுன பிளாட்டினக் கறுப்பு. அது போச்சுன்னா அளவெல்லாம் கோணிக்கிரும்.” சட்டென்று அங்கேயே நின்றுவிட்டேன். டிரேயிலிருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. சார் திரும்பி, “பாத்தும்மா” என்றார். அந்த நொடியில் உள்ளே போய், “சார், தெரியாமத் தேச்சுப்புட்டேன்” என்று சொல்லியிருந்தால் நான்கு வார்த்தை வைதிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். மறுபடி கறுப்பு பூச முடியும் என்று பிற்பாடு தெரிந்தது. அதற்கு அடுத்த வருசம் விலை கூடிய ஒரு கண்ணாடிக் கருவியையே நான் போட்டு உடைத்தேன். “பாத்து வேல செய்யிம்மா” என்பதோடு விட்டுவிட்டார். ஆனால் அன்றைக்குப் பயம் என்னை மொத்தமாகப் பிடித்துக்கொண்டது.

அலமாரியில் பழைய செல் ஒன்று கிடந்தது. அதில் கறுப்பு அப்படியே இருந்தது. பார்க்க, நான் தேய்க்கும் முன் எஸ்தர் செல் இருந்த மாதிரியே இருந்தது. ஆனால் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு தனி எண் உண்டு, தட்டின் அளவையும் இடைவெளியையும் பொறுத்து வருவது, மீட்டரில் காட்டுவதை அந்த எண்ணால் பெருக்கினால்தான் சரியான கணக்கு என்று எஸ்தரே எனக்குச் சொல்லியிருந்தாள். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி நூலால் செல்லில் கட்டி வைத்திருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் செல்லிலிருந்து சீட்டை அவிழ்த்துப் பழைய செல்லில் கட்டினேன். பழையதன் சீட்டை இதில் கட்டி, அலமாரியின் பின்னால் தள்ளிவிட்டேன். முடிச்சைக்கூட அவள் போடுகிற மாதிரியே போட்டேன். தேய்த்தது தெரியாமல் செய்த தப்பு. சீட்டை மாற்றிக் கட்டியது தெரிந்தே செய்தது. இதை எழுதும்போதும் என் விரலில் அந்த நூல் இருப்பது போலத்தான் இருக்கிறது.

பூஜைக்கு முன்னால் எஸ்தர் முப்பது சதவீதக் கலவை வரை அளந்து வைத்திருந்தாள். பூஜைக்குப் பிறகு நாற்பதிலிருந்து தொடர்ந்தாள். வரைதாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால், சரிந்து இறங்க வேண்டிய கோடு நடுவில் படிக்கட்டு மாதிரி ஒடிந்து நின்றது. திரும்பத் திரும்ப அளந்தாள். நான் தண்ணீர் வடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கொடுத்தேனப்பா, வாயைத் திறக்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பொட்டாசியம் குளோரைடு கரைசலை வைத்துச் செல்லைச் சோதித்து, “சீட்டுல இருக்குற நம்பர் இந்தச் செல்லுக்கு ஒத்து வரல சார். செல்லு மாறியிருக்கு” என்று சாரிடம் போய் நின்றாள். சார் என்னைக் கூப்பிட்டார். “ஏம்மா, செல்ல எதும் மாத்துனயா?” எஸ்தர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தேகம்கூட இல்லை, அக்கா சொல்லிவிடும் என்ற நம்பிக்கைதான் அந்தக் கண்ணில் இருந்தது. “இல்ல சார். அதே செல்லுதான். நான் தொடக்கூட இல்ல” என்றேன். சார் அவள் பக்கம் திரும்பினார். செல் மாறவில்லை என்றால், ஆரம்பத்தில் அவள் கண்டுபிடித்து எழுதிய எண்ணே பொய், முதல் பாதி முழுக்க வீட்டில் உட்கார்ந்து எழுதியது என்றார். “இந்தக் கைய நம்பி நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுறது?” என்று கேட்டார். இரண்டு மாதம் வந்துபோனாள். துறையில் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது மாதம் வரவில்லை.

அதற்கெல்லாம் நான் யாரைக் காரணம் காட்டினேன் தெரியுமா? உன்னை. பிள்ளைக்கு அப்பா இல்லை, எனக்கும் வேலை போய்விட்டால் பிள்ளை என்ன ஆகும் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லித் தேற்றிக்கொண்டேன். நீ கேட்காத ஒன்றை உன் தலையில் கட்டினேன். அதோடு விட்டேனா? உன்னையும் பழக்கினேன். ஆறாவது படிக்கும்போது நீ அடித்த பந்து எஸ்டேட் ஜீப்பின் கண்ணாடியை உடைத்ததே, ஞாபகம் இருக்கிறதா? டிரைவர் வந்து தெருவில் நின்றிருந்த இன்னொரு பிள்ளையை அறைந்தார். நீ ஓடிப்போய்ச் சொல்லத்தான் கிளம்பினாய். நான்தான் உன் கையைப் பிடித்து இழுத்து, கதவைச் சாத்தி, “பேசாம இரு” என்றேன். நீ என் கையைத் திமிறிக்கொண்டு அழுதாய். உன் புத்தி அன்றைக்கு நேராகத்தான் இருந்தது. கோணலாக்கியது நான்.

எஸ்தர் சொன்ன ஜோடிகள் மாதிரித்தான் நாம் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டோம். உனக்காக நான், எனக்காக நீ. பார்க்கிறவர்கள் தாயும் பிள்ளையும் என்ன பாசம் என்றார்கள். நம்மிடமிருந்து வெளியே ஒருத்தருக்கு ஒரு நல்லது போய்ச் சேரவில்லை. நீ எம்.எஸ்ஸி.யில் மின்வேதியியல் எடுக்கிறேன் என்று வந்து நின்றபோது, எத்தனையோ பாடம் இருக்க அதுவா என்று நினைத்தேன். லீவில் வந்து, கரைப்பான் கெட்டியானால் அயனி எப்படித் தயங்கித் தயங்கி நகரும் என்று நீ எனக்கு விளக்கினாய். ஒன்றும் தெரியாதவள் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். தெரியும் என்று சொன்னால், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நீ கேட்பாயே.

இன்று காலை போடிக்குப் போனேன். உன்னை உண்மை சொல்லச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று என்னையே கேட்டேன். சின்னமனூரில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். எஸ்தர் அவர்களுடைய துணிக்கடையிலேயே இருக்கிறாள் என்று எனக்கு வெகுநாளாகத் தெரியும். போன மாதம் உன் நிச்சயத்துக்குச் சேலை எடுக்கப் போனபோதும் வெளியிலிருந்து பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குத் திரும்பிவிட்டேன். இன்று உள்ளே ஏறினேன். கண்ணாடி போட்டிருக்கிறாள், முன்நெற்றி நரைத்துவிட்டது. ஜாக்கெட் துணி அளந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, “வாங்கக்கா” என்றாள். அதே வார்த்தை. நான் உட்காரவில்லை. நின்றபடியே முழுவதையும் சொன்னேன். தேய்த்தது, சீட்டை மாற்றியது, சாரிடம் பொய் சொன்னது. கடையில் ஆள் இருந்தார்கள், எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை.

அவள் திட்டவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கையில் இருந்த ஸ்கேலை மேசையில் வைத்துவிட்டு, “என்னைக்கிக்கா மாத்துனீங்க?” என்று கேட்டாள். லீவு முடிந்து திறந்த அன்று என்றேன். “அப்ப பூசைக்கு முன்னாடி நான் எடுத்ததெல்லாம்?” “அதெல்லாம் உன் செல்லுதாம்மா. ஒண்ணும் ஆகல அதுக்கு.” அவள் உதடு ஏதோ கணக்குப் போடுவது மாதிரி அசைந்தது. “முப்பது வரைக்கும் சரிதான், அப்ப” என்றாள். பிறகு சன்னமாகச் சொன்னாள். “எல்லாரும் சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்திருச்சுக்கா. நான்தான் ஏதோ கள்ளக்கணக்கு எழுதிட்டு மறந்துட்டேனோன்னு. இம்புட்டு நாளும் என்னைய நானே நம்பல.” மன்னித்துக்கொள் என்று கேட்கத்தான் போயிருந்தேன், கேட்க வாய் வரவில்லை. “நீங்க போங்கக்கா. இப்ப போங்க” என்றாள். வந்துவிட்டேன்.

வேலையையும் படிப்பையும்தான் அவளிடமிருந்து பறித்தேன் என்று இதுவரை நினைத்திருந்தேன். அது தப்பு என்று இன்றுதான் தெரிந்தது. அவள் கையால் அளந்ததை அவளே நம்பமுடியாதபடி செய்திருக்கிறேன். உன் கம்பெனிப் பெண்ணும் மூன்று தடவை அளந்திருக்கிறாள், கண்ணா. மூன்று தடவையும் சரியாக அளந்திருக்கிறாள். நாளை அந்த அறையில் நீ “ஞாபகமில்ல” என்று இன்னொரு முறை சொன்னால், அவள் வீட்டுக்குப் போய் என்ன யோசிப்பாள்? நாம்தான் கலந்தோமோ, நமக்குத்தான் மறந்துவிட்டதோ என்று யோசிப்பாள். நாற்பத்தைந்து வயதிலும் யோசித்துக்கொண்டிருப்பாள். நீ அதைப் பார்க்கமாட்டாய். நான் இன்று பார்த்துவிட்டு வந்தேன்.

அதனால் உன் காலில் விழுந்து கேட்கிறேன். தாய் பிள்ளை காலில் விழக்கூடாது என்பார்கள், பரவாயில்லை. நாளை பதினோரு மணிக்கு அவளுக்கு முன்னால் நீ உள்ளே போ. “கலந்தது நான். விகிதத்தை மாற்றிப் போட்டது நான். கையெழுத்துப் போடச் சொன்னதும் நான். அவள் அளந்தது சரி.” இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவள் காது கேட்கச் சொல், கடைசி வாக்கியத்தை முக்கியமாக. வேலை போனால் போகட்டும் என்று நான் லேசாகச் சொல்லவில்லை, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. தேவதானப்பட்டியில் பெண் வீட்டாரிடம் நானே போய்ச் சொல்கிறேன். அவர்கள் ஏதாவது கேட்டால் என்னைக் கேட்கட்டும், வளர்த்தவள் நான்தானே. அவர்கள் கல்யாணத்தை நிறுத்திவிட்டால் அந்தப் பழியும் என் மேலேயே இருக்கட்டும். நான் ஞாயிற்றுக்கிழமை சொன்னதை மட்டும் கேட்காதே. பெற்றவள் சொன்னாள் என்று பிற்பாடு நீ தேற்றிக்கொள்ள என்னை வைத்துக்கொள்ளாதே. நான் உன்னை அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

இவ்வளவு எழுதியாயிற்று. திரும்பப் படித்துப் பார்த்தேன். அந்தப் பெண், அந்தப் பெண் என்றுதான் முழுக்க எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் அவளைப் பற்றிப் பேசினாய். ஒரு தடவைகூட நீ பேரைச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவள் வாழ்க்கையைப் பற்றி நாம் இரண்டு பேரும் போனில் பேசி முடிவெடுத்தோம்.

அவள் பேர் என்னப்பா?